செவிலியப் பணிச் சிறப்புக்கான அங்கீகாரம் குறித்து எமது சங்கத்தின் நிலைப்பாடு

ஒரு மருத்துவமனையின் யோக்கியதையை அளந்தறிவதற்குக் கட்டடத்தின் உயரமும், ஸ்கேன் இயந்திரத்தின் விலையும், வாசலில் வரிசையாகத் தொங்கும் நிபுணர்களின் பெயர்ப்பலகைகளுமே பிரமாணம் என்று ஜனங்கள் கொண்டுவிட்ட இக்காலத்தில், நோயாளியின் தலைமாட்டில் இரவும் பகலும் நிற்கிற செவிலியரின் பணியைத் தனியாக எடுத்துப் பரிசீலித்து, அது உயர்ந்த நிலையில் நடக்கிறதென்று வெளியிலிருந்து ஒரு ஸ்தாபனம் வந்து சான்றளிக்கும் முறை, சிலருக்கு ஆடம்பரமாகவும் சிலருக்கு அநாவசியமாகவும் தோன்றுவதில் ஆச்சரியமில்லை. செவிலியர்களாகிய நாங்கள் சேர்ந்து நடத்தும் இச்சங்கம் இவ்விஷயத்தைப் பலமுறை விவாதித்து ஒரு முடிவுக்கு வந்திருக்கிறது. அரசினுடையவையாயினும் தனியாருடையவையாயினும், தமிழ்நாட்டு மருத்துவமனைகள் இத்தகைய அங்கீகாரத்தை நாடிப் பெறவேண்டும் என்பதும், அதனால் அவற்றுக்கு மெய்யான லாபம் உண்டு என்பதும், அந்த லாபம் சான்றிதழைப் பெறுவதற்காக நிர்வாகம் பகிர்ந்துகொள்ள நேரும் அதிகாரத்திலிருந்தும் செலவிட நேரும் பணத்திலிருந்துமே கிடைக்கிறது என்பதும் எமது அபிப்பிராயம்.

இம்முறை தோன்றிய வரலாறு சிறிது விரிவாகச் சொல்லத்தக்கது. 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் நர்ஸுகளுக்குப் பெரும் பஞ்சம் ஏற்பட்டு, ஆள் கிடைக்கவில்லை, கிடைத்த ஆளும் நிலைக்கவில்லை என்று மருத்துவமனை நிர்வாகிகள் எல்லாரும் ஒரே குரலில் புலம்பிக்கொண்டிருந்தபோது, அந்நாட்டுச் செவிலியர் அகாடமி, அவர்கள் ஏன் போகிறார்கள் என்று எல்லாரும் கேட்ட கேள்வியை ஒதுக்கிவிட்டு, எந்த இடத்தில் அவர்கள் போகாமல் தங்குகிறார்கள், அந்த இடத்தில் அப்படி என்னதான் இருக்கிறது என்று விசாரிக்கத் துணிந்தது. மார்கரெட் மெக்ளூர் முதலிய நால்வரைக் கொண்ட ஒரு குழு, பரிந்துரைக்கப்பட்ட 163 மருத்துவமனைகளிலிருந்து 41 மருத்துவமனைகளைப் பொறுக்கியெடுத்து, அவற்றின் செவிலியத் தலைமை அதிகாரிகளிடமும் வார்டில் நின்று வேலைசெய்யும் நர்ஸுகளிடமும் தனித்தனியே பேசிக் கண்டவற்றை 1983இல் நூலாக வெளியிட்டது. ஆட்களைத் தம்மிடம் ஈர்த்து வைத்துக்கொள்ளும் அந்த மருத்துவமனைகளுக்குக் காந்தம் என்னும் பொருளில் ‘மேக்னெட்’ என்று பெயராயிற்று. அங்கே கண்டவற்றில் ரகசியம் ஒன்றுமில்லை: நர்ஸுகளின் எண்ணிக்கை போதுமானதாக இருந்தது, அவர்களுடைய தலைவி நிர்வாகத்தின் மேல்மட்டத்தில் உட்கார்ந்து பேசினாள், வார்டுக்குரிய தீர்மானங்கள் வார்டிலேயே செய்யப்பட்டன, டாக்டர்கள் அவர்களுடைய வார்த்தையை மதித்தார்கள், மேற்கொண்டு படிக்க வழியிருந்தது, சம்பளம் பக்கத்து மருத்துவமனைக்குச் சளைத்ததாக இல்லை.

அந்த ஆராய்ச்சியின் மீது எழுந்த அங்கீகாரத் திட்டம் 1990இல் உருப்பெற்றது; அதன் சான்று 1994இல் சியாட்டில் நகரத்து வாஷிங்டன் பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்கு முதன்முதலாக வழங்கப்பட்டது. சான்று நான்கு ஆண்டுகளுக்கே செல்லும். பிறகு மீண்டும் விண்ணப்பித்து மீண்டும் சோதனைக்கு உட்பட வேண்டும். 2010இல் சிங்கப்பூர் பொது மருத்துவமனையும் இதைப் பெற்றது. நம் நாட்டில், மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று அளிக்கும் என்.ஏ.பி.எச். என்ற தேசிய வாரியமே செவிலியச் சிறப்புக்கென்று தனியாக ஒரு சான்றிதழை வைத்திருக்கிறது என்பது நம் மருத்துவமனை நிர்வாகிகளில் பலருக்குத் தெரியும். அதற்கு விண்ணப்பிப்பவர்களோ சிலரே.

நோயாளிக்கு இதனால் என்ன அனுகூலம் என்பதே முதல் கேள்வியாக இருக்க வேண்டும். 1994இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்து லிண்டா ஐக்கனும் அவருடைய சகாக்களும், முன்சொன்ன பழைய மேக்னெட் மருத்துவமனைகளில் 39ஐ எடுத்து, ஏறக்குறைய அவற்றையொத்த 195 மருத்துவமனைகளோடு ஒப்பிட்டபோது, நோயின் கடுமை முதலிய வேற்றுமைகளை எல்லாம் கழித்த பிறகும், மேக்னெட் மருத்துவமனைகளில் முதியோர் இறப்பு விகிதம் 4.6 சதவீதம் குறைந்திருந்தது. அதே ஐக்கன் 2002இல், பென்சில்வேனியா மாநிலத்தின் 168 மருத்துவமனைகளில் அறுவைசிகிச்சை பெற்ற 2,30,000க்கும் மேற்பட்ட நோயாளிகளின் பதிவுகளை ஆராய்ந்து, ஒரு நர்ஸின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடுதலாக வைக்கப்படுந்தோறும், முப்பது நாட்களுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் ஏறுகிறதென்று காட்டினார். அங்கே கணக்கெடுக்கப்பட்ட வார்டுகளில் நர்ஸ் ஒருத்தியின் கீழ் நான்கு முதல் எட்டு நோயாளிகள்வரை இருந்தார்கள் என்பதை, முப்பது கட்டில் கொண்ட வார்டை இரவில் ஒருத்தியிடம் ஒப்படைத்துவிட்டுப் போகும் நம்மவர்கள் சற்று நிதானமாகப் படிக்க வேண்டும்.

இதற்கு எதிர்ப்பக்கத்து வாதத்தையும் மறைக்காமல் சொல்வதே நியாயம். 2015இல் வெளியான ஓர் ஆய்வு, அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைகளில் மரணம் குறைவு என்பதை ஒப்புக்கொண்டே, அவை அங்கீகாரம் பெறுவதற்கு முன்னரும் அப்படித்தான் இருந்தன, சான்று வந்ததால் புதிதாக முன்னேற்றம் எதுவும் ஏற்பட்டதாகத் தெரியவில்லை என்று கூறிற்று. அதே ஆண்டில் வந்த மற்றோர் ஆய்வோ, பென்சில்வேனியாவில் 1999க்கும் 2007க்கும் இடையே அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைகளைப் பின்தொடர்ந்து பார்த்து, மற்றவற்றைக் காட்டிலும் அவற்றில் வேலைச் சூழலும் அறுவைசிகிச்சை நோயாளிகளின் பிழைப்பும் அதிகமாகத் திருந்தின என்று கண்டது. இரண்டும் ஒன்றுக்கொன்று முரணானவை என்று எமக்குத் தோன்றவில்லை. முன்னமே நன்றாக நடந்துவந்த இடம் சான்றை வாங்கிச் சுவரில் மாட்டினால் புதிதாக ஒன்றும் நடக்காது. சான்றுக்காக வேலைமுறையையே மாற்றிய இடத்தில் நடக்கும். ஆதலால் விண்ணப்பத்துக்கும் சான்றுக்கும் இடைப்பட்ட காலத்தில் வார்டில் என்ன மாறிற்று என்பதையே கவனிக்க வேண்டும்.

வார்டில் மாறவேண்டியது எது என்பதற்கு ஒரு சிறு உதாரணம் போதும். இடுப்பெலும்பு முறிந்து படுத்திருக்கும் ஒரு மூதாட்டியை இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் படுக்கவைக்காவிட்டால், பிட்டத்திலும் குதிகாலிலும் தோல் சிவந்து, மூன்றாம் நாள் கொப்புளமாகி, பிறகு எலும்பு தெரியும் அளவுக்குப் புண்ணாகும் என்பது நர்ஸிங் மாணவி முதலாண்டிலேயே படிக்கும் பாடம். புரட்டுவதற்கு இரண்டு பேர் வேண்டும். இரவில் இருப்பது ஒருத்தி. ஆகவே, கட்டிலின் கால்மாட்டில் தொங்கும் அட்டையில் பத்து மணி, பன்னிரண்டு மணி, இரண்டு மணி, நான்கு மணி என்ற கட்டங்கள் எல்லாம் ஒரே மையில், ஒரே சாய்வில், விடியற்காலை ஐந்தரைக்கு ஒரே மூச்சில் நிரப்பப்படுகின்றன. அட்டையைப் பார்க்கும் ஆய்வாளர் திருப்தியடைகிறார். புண் அட்டையைப் படிப்பதில்லை. சிறப்புச் சான்றைச் சிரத்தையோடு தேடும் மருத்துவமனையில் எண்ணப்படுவது நிரம்பிய கட்டமன்று, புண். அதுவும் வார்டு வார்டாக, மாதந்தோறும், தன்னையொத்த மற்ற மருத்துவமனைகளின் கணக்கோடு ஒப்பிட்டு எண்ணப்படுகிறது. படுக்கைப் புண்ணும், கட்டிலிலிருந்து விழுதலும், சிறுநீர்க் குழாயால் வரும் தொற்றும் செவிலியப் பணியின் அளவுகோல்களாக அங்கே கருதப்படுகின்றன. எண்ணிக்கை ஏறினால் ஏன் என்று அந்த வார்டின் நர்ஸுகள் கூடிப் பேசுகிறார்கள். இரவில் ஆள் போதவில்லை என்று அவர்கள் சொன்னால், டியூட்டி அட்டவணையை மாற்றும் அதிகாரம் அவர்களுடைய குழுவுக்கு இருக்கிறது. அவ்வதிகாரம் இல்லாத குழுக் கூட்டம் தேநீர் குடிப்பதற்கே பயன்படும்.

அதிகாரத்தைப் பற்றி இன்னும் ஒன்று. இரவு இரண்டு மணிக்குத் தொலைபேசியில் டாக்டர் சொல்லும் பொட்டாசியம் ஊசியின் அளவு சற்று அதிகமாகப் படுகிறதென்று சந்தேகிக்கும் நர்ஸ், “ஸார், இன்னொரு தடவை அளவைச் சொல்லுங்கள், இன்றைக்கு வந்த ரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் ஏற்கெனவே ஐந்தைத் தாண்டியிருக்கிறது” என்று கேட்கத் துணிகிறாளா, அல்லது நாளைக் காலை ரவுண்ட்ஸில் எல்லார் முன்னிலையிலும் ஏச்சு வாங்க நேருமே என்று பயந்து வாய்மூடிக் கிடக்கிறாளா என்பது அந்த மருத்துவமனையின் சுபாவத்தைப் பொறுத்தது. அவளுடைய தலைமை அதிகாரி, டாக்டர்களின் தலைவருக்குச் சமமாக நிர்வாகக் குழுவில் உட்கார்பவராக இருந்து, கேட்டது தவறன்று என்று அவளுக்குப் பக்கபலமாக நிற்பாரேயானால் அவள் கேட்பாள். மேக்னெட் திட்டம் செவிலியத் தலைமை அதிகாரிக்கு முதுகலைப் படிப்பையும் மேல்மட்டத்தில் இடத்தையும் கட்டாயமாக்கியிருப்பதன் தாத்பரியம் இதுவே. நம் மருத்துவமனைகள் பலவற்றில் நர்ஸிங் சூப்பிரண்டெண்டு என்ற பதவி, துணி துவைப்புக்கும் விடுப்பு விண்ணப்பங்களுக்கும் பதில் சொல்லும் உத்தியோகமாகச் சுருங்கிக் கிடக்கிறது.

நிர்வாகத்தின் பெட்டிக்கு என்ன லாபம் என்று கேட்பாரும் உண்டு. அந்தக் கேள்வியை நாங்கள் இழிவாகக் கருதவில்லை. தீவிர சிகிச்சைப் பிரிவில் மூன்றாண்டு பழகிய ஒரு நர்ஸ் வேலையை விட்டுப் போனால், புதிதாக வருபவள் வென்டிலேட்டரின் அலாரங்களைப் பிரித்தறியும்வரை மற்றொருத்தியின் கண்பார்வையிலேயே வேலைசெய்ய வேண்டும். அதுவரை ஒரு வேலைக்கு இரண்டு சம்பளம். அவள் கற்றுத் தேறுவதற்குள் வளைகுடாவுக்கோ, இங்கிலாந்துக்கோ, ஜெர்மனிக்கோ புறப்பட்டுவிடுகிறாள். நர்ஸுகளை வெளிநாட்டுக்கு அனுப்புவதைத் தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமே ஒரு காரியமாக நடத்திவருகிறது. போகிறவர்களைக் குறைசொல்ல எங்களுக்கு மனமில்லை. 1946இலேயே நர்ஸிங்கில் பட்டப்படிப்பைத் தொடங்கிய வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி இருக்கிற மாநிலம் இது; நம் பெண்களின் கைத்திறனை உலகம் விலைகொடுத்து வாங்குகிறது. ஆனால் போகாமல் தடுப்பதற்கு இங்கே சில தனியார் மருத்துவமனைகள் கண்டுபிடித்த உபாயம், வேலையில் சேரும்போதே அசல் சான்றிதழ்களை வாங்கிப் பூட்டிவைத்துக்கொள்வதும், இடையில் போனால் இத்தனை ஆயிரம் கட்டவேண்டும் என்று பத்திரம் எழுதி வாங்குவதுமாக இருக்கிறது. அமெரிக்கர்கள் காந்தத்தைத் தேடினார்கள். நாம் பூட்டைத் தேடினோம். பூட்டி வைக்கப்பட்டவள் பத்திரம் முடிகிற நாளை எண்ணிக்கொண்டு வேலைசெய்வாள் என்பதையும், அவள் பொறுப்பில் இருக்கும் நோயாளிக்கு அதனால் நன்மை விளையாது என்பதையும் நாங்கள் விளக்கத் தேவையில்லை.

இத்தனையும் சொல்லிய பிறகும், எமது ஆதரவு நிபந்தனையற்றதன்று. அங்கீகாரம் விளம்பரப் பலகைக்குரிய சரக்காகிவிடும் அபாயம் மெய்யானது. அமெரிக்காவிலேயே மருத்துவமனைகளின் தரவரிசையில் அது ஒரு மதிப்பெண்ணாகச் சேர்க்கப்படுவதால், மதிப்பெண்ணுக்காகவே அதைத் தேடுவாரும் இருப்பார்கள். ஆய்வுக்குழு வருகிற வாரத்தில் திரைச்சீலைகள் மாற்றப்படுவதும், மற்றக் கிளைகளிலிருந்து நர்ஸுகள் இரவல் வாங்கப்படுவதும் எங்கள் உறுப்பினர்கள் கண்ணாரக் கண்ட காட்சிகள். ஆகவே, விண்ணப்பிக்கும் மருத்துவமனை தன் ஒவ்வொரு வார்டிலும் ஒவ்வொரு ஷிஃப்டிலும் எத்தனை நோயாளிகளுக்கு எத்தனை நர்ஸுகள் என்பதை வார்டு வாசலிலேயே எழுதி வைக்க வேண்டும் என்று கோருகிறோம். பயிற்சி மருத்துவமனைகளில் மூவருக்கு ஒருவர், பொது மருத்துவமனைகளில் ஐவருக்கு ஒருவர் என்று இந்திய நர்ஸிங் கவுன்சில் நெடுங்காலத்துக்கு முன்பே விதித்த அளவை எட்டாத இடத்துக்குச் சிறப்புப் பட்டம் கொடுப்பது பொருந்தாது.

சம்பள விஷயத்திலும் அப்படியே. 2016 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவைத் தொடர்ந்து மத்திய அரசு அமைத்த குழு, 200க்கு மேற்பட்ட படுக்கைகள் கொண்ட தனியார் மருத்துவமனைகளில் நர்ஸுகளுக்கு மாநில அரசு நர்ஸுகளுக்குச் சமமான சம்பளமும், 100க்கு மேற்பட்டவற்றில் அதைவிட 10 சதவீதத்துக்கு மேல் குறையாததும், 50 முதல் 100 வரை உள்ளவற்றில் 25 சதவீதத்துக்கு மேல் குறையாததும், அதற்கும் சிறியவற்றில் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையாததும் தரப்பட வேண்டும் என்று பரிந்துரைத்தது. ஆண்டுகள் பல கழிந்தும் அது பெரும்பாலும் ஏட்டளவிலேயே நிற்கிறது. சிறப்புச் சான்று வழங்கும் ஸ்தாபனங்கள் இந்தப் பரிந்துரையைக் குறைந்தபட்ச நிபந்தனையாக வைக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். அசல் சான்றிதழ்களைப் பிடித்துவைக்கும் மருத்துவமனையின் விண்ணப்பத்தை எடுத்த எடுப்பிலேயே திருப்பி அனுப்புமாறும் கேட்டுக்கொள்கிறோம். அரசு மருத்துவமனைகளைப் பொறுத்தவரை, ஒப்பந்த அடிப்படையில் தொகுப்பூதியம் பெறும் நர்ஸுகளையும் நிரந்தரப் பணியாளரோடு சேர்த்து எண்ணிக் கணக்கு காட்டும் வழக்கம் கைவிடப்பட வேண்டும். அவர்களை நிரந்தரமாக்குவதே அதற்குரிய நேரான வழி.

இந்நிபந்தனைகளை ஏற்று விண்ணப்பிக்கும் எந்த மருத்துவமனைக்கும் எமது உறுப்பினர்கள் தயாரிப்பு வேலையில் முழு மனத்தோடு உதவுவார்கள். வார்டுக் கணக்கெடுப்பிலும் குழுக் கூட்டங்களிலும் ஆய்வாளர்களுடன் பேசுவதிலும் முன்நிற்பார்கள். ஆனால் அந்த வேலைகள் யாவும் டியூட்டி நேரத்துக்குள்ளேயே, அதற்கென்று மாற்று ஆள் போட்டு நடக்கவேண்டும். எட்டு மணி நேரம் நின்ற காலோடு வீட்டுக்குப் போய்ப் பதிவேடு எழுதிக் கொண்டுவரச் சொல்லும் மருத்துவமனைக்கு எமது ஒத்துழைப்பு கிடையாது என்பதை இவ்வறிக்கையின் வாயிலாகத் தெரிவித்துக்கொள்கிறோம்.