ஐந்து நாள் ஆட்டமும் அத்தையும்

மாசி கழிந்து பங்குனி பிறந்ததும் எங்கள் திருவல்லிக்கேணி வீட்டில் ஒரு கதை தவறாமல் அரங்கேறும். 2001-ஆம் ஆண்டு மார்ச் 18 முதல் 22 வரை சேப்பாக்கத்தில் நடந்த டெஸ்ட் பந்தயத்தின் கதை. நான் பிறப்பதற்கு முன்பு நடந்தது. ஆயினும் எனக்கு மனப்பாடம்! அந்த வாரத்துக்கு அப்பா வைத்திருக்கும் பெயர், 'குடும்பத்தோடு கழித்த வாரம்'. அந்தப் பெயரில்தான் எனக்குச் சந்தேகம்.

முந்தின வாரம் கொல்கத்தாவில் லட்சுமணும் திராவிடும் ஒரு பகல் முழுவதும் ஆட்டம் இழக்காமல் நின்று, தோற்க இருந்த பந்தயத்தை மீட்டிருந்தார்கள். ஆளுக்கு ஒரு வெற்றி என்ற நிலையில் ஆஸ்திரேலியர் சென்னைக்கு வந்தனர். ஊரே கொதித்தது. விடியற்காலையில் பாட்டி தயிர்சாதம் கட்டிக் கொடுக்க, அப்பாவும் சித்தப்பாவும் தாத்தாவும் நடந்தே மைதானத்துக்குப் போவார்கள். ஹேடன் 203 ரன் அடித்ததையும், ஸ்டீவ் வா பந்தைக் கையால் தள்ளி ஆட்டம் இழந்ததையும், டெண்டுல்கர் 126 எடுத்ததையும் இரவுச் சாப்பாட்டின்போது மறுபடியும் ஆடிக் காட்டுவார்களாம். கடைசி நாள் வெற்றிக்கு 155 ரன் வேண்டும். எட்டு விக்கெட்டுகள் போய்விட்டன. பந்து வீச வந்த ஹர்பஜனே மட்டையைப் பிடித்து வெற்றி ரன்னை அடித்தார். பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத ஒருவரைத் தாத்தா கட்டிக்கொண்டாராம்.

"ஹர்பஜனுக்கு முதலில் எட்டு விக்கெட், பிறகு ஏழு" என்பார் அப்பா.

"முதலில் ஏழு, பிறகு எட்டு" என்று அடுக்களையிலிருந்து ஒரு குரல் வரும். அது அத்தையின் குரல். ஆண்டுதோறும் அப்பா தவறாகச் சொல்வார். ஆண்டுதோறும் அத்தை திருத்துவாள்.

அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் டிரான்சிஸ்டரை வைத்துக்கொண்டு ஐந்து நாளும் வர்ணனை கேட்டவள் அவள். கணக்கு நோட்டில் ஸ்கோர் எழுதியவளும் அவளே. எங்கள் வீட்டில் கிரிக்கெட்டை உண்மையில் அறிந்தவர் அவள் ஒருத்திதான் என்பது என் துணிபு. அந்த வாரம் வீட்டில் நான்கு சீட்டுகள் இருந்தன. நான்காவது, பக்கத்து வீட்டுக்காரருக்குப் போயிற்று. ஏன் என்று கேட்டேன். "அவளுக்கு வேலை இருந்ததே!" என்றார் அப்பா. யாருடைய தயிர்சாதத்துக்கான வேலை என்று நான் கேட்கவில்லை.

டெஸ்ட் பந்தயமே பந்தயம், 2008 முதல் வசந்தந்தோறும் வரும் மாலை ஆட்டங்கள் வெறும் கூத்து என்று நம் விடுதியில் வாதாடும் நண்பர்கள் உண்டு. ஆட்டத்தின் நுட்பத்தைப் பொறுத்தவரை நானும் அவர்கள் கட்சிதான். ஆனால், அந்தக் கூத்துக்குத் தாயும் மகளும் சேர்ந்து போகிறார்கள்; அதை எளிதில் தள்ளிவிட முடியுமா? நம்மையே பாருங்கள். தில்லியில் ஓர் அறையில் நால்வர், நான்கு கைபேசிகள், எட்டுக் காதுகளிலும் அடைப்பான். விக்கெட் விழுந்தால் ஒருவன் மட்டும் துள்ளுகிறான், அவனுடைய படம் சற்று முந்தி ஓடுவதால்! பிறகு வீட்டுக்குப் பேசும்போது, "சாப்பிட்டாயா?" என்பதற்கு மேல் பேச்சு நீள்வதில்லை.

சென்ற ஞாயிற்றுக்கிழமை அப்பாவை விட்டு அத்தையைக் கூப்பிட்டுப் பேசினேன். முக்கால் மணி நேரம் பேசினாள். அந்த நோட்டு இன்னும் பெட்டியில் இருக்கிறதாம். அடுத்து சேப்பாக்கத்தில் டெஸ்ட் நடக்கும்போது இரண்டு சீட்டு வாங்குகிறேன் என்றேன். முழங்கால் வலி, படி ஏற முடியாது என்கிறாள். கீழ் வரிசையில் கிடைக்குமா என்று பார்க்க வேண்டும்.