நோன்பு லீவு ஊர் சுற்றும் லீவு அல்ல



"டீச்சர்மாருக்கென்ன, வருசம் முழுக்க லீவுதானே" என்கிறார்கள். முஸ்லிம் பாடசாலைகளுக்கு நீண்ட விடுமுறை வருவதே நோன்பு மாதத்தில்தான். அது இபாதத்துக்குரிய மாதம், பயணத்துக்கு ஒத்துவராது. அதனால் "பென்ஷன் எடுத்த பிறகு பார்ப்போம்" என்று தள்ளிப்போடுகிறோம்.

வழி இருக்கிறது. போயா வெள்ளியிலோ திங்களிலோ வந்தால் சனி, ஞாயிறோடு மூன்று நாள் சேரும். ஜனவரியிலேயே கலண்டரில் குறித்து வையுங்கள். அரச ஊழியருக்குரிய ரயில் வொரண்டை எடுக்காமலேயே எத்தனை பேருக்கு வருசம் முடிகிறது?

மட்டக்களப்பில் ரயிலேறினால் பொலன்னறுவையில் இறங்கலாம். பராக்கிரம சமுத்திரத்தைப் படிப்பிக்கிற நாமே அதைக் கண்ணால் காணாவிட்டால் பிள்ளைகளுக்கு என்னத்தைச் சொல்வது? உம்மா, வாப்பாவையும் கூட்டிப் போங்கள், அவர்களால் நடக்க முடிகிற காலத்திலேயே.