அப்பாவுக்குத் திறமை, மகனுக்குச் சான்றிதழ்

பிரிட்டிஷ் பிரபுக்கள் பற்றிப் பேச்சு வந்தாலே என் நண்பர்களில் பாதிப் பேர் உருகிவிடுகிறார்கள். மாளிகை, வேட்டை நாய், வெள்ளித் தட்டு. "பழைய மரபுதானே, யாருக்கு என்ன நஷ்டம்?" என்கிறார்கள். சின்ஹா குடும்பத்தின் கதையைப் படித்துவிட்டு இதைக் கேட்கட்டும்.

வங்காளத்து வழக்கறிஞர் சத்யேந்திர பிரசன்ன சின்ஹா, வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் இடம்பெற்ற முதல் இந்தியர். 1919இல் அவருக்குப் பரம்பரைப் பாரன் பட்டம் கிடைத்தது. பிரபுக்கள் அவையில் உட்கார்ந்த முதல் இந்தியரும் அவரே. 1928இல் இறந்துபோனார். மூத்த மகன் அருண் குமாரின் உரிமையை அந்த அவை ஏற்றது 1939இல்தான். பதினோரு வருடம்!

சிக்கல் இதுதான். சின்ஹாவின் கல்யாணம் 1880இல் இந்து முறைப்படி நடந்தது. அன்றைய இந்துச் சட்டத்தில் ஆண் பல தாரம் கட்டலாம். அப்படியானால் ஆங்கிலச் சட்டத்தின் கண்ணில் அது கல்யாணமா, பிறந்த பிள்ளை முறையான வாரிசா? சின்ஹா இன்னொரு பெண்ணைக் கட்டவே இல்லை. கட்டியிருக்கலாம் என்பதுதான் பிரச்சினை! கடைசியில் காப்பாற்றியது ஒரு தேதி. 1886இல் அவர் ஒருதார மணத்தை வலியுறுத்தும் பிரம்ம சமாஜத்தில் சேர்ந்திருந்தார். மகன் பிறந்தது 1887இல். இரண்டு வருடம் முன்னால் பிறந்திருந்தால் இந்த வாதம் அவருக்கு உதவியிருக்காது.

அப்பாவுக்குப் பட்டம் கொடுக்கும்போது இந்தக் கல்யாணம் உறுத்தவில்லை. திறமைக்குக் கொடுத்தார்கள். மகனுக்கு வரும்போது திறமை பற்றிப் பேச்சே இல்லை. அம்மாவின் தாலிக்குச் சான்று கேட்டார்கள்.

இதை வெறும் நிறவெறி என்று சுருக்கவும் எனக்கு மனமில்லை. வெள்ளைக்காரக் குடும்பங்களிலும் பெரும்பாலான பட்டங்கள் மகளைத் தாண்டி எங்கோ இருக்கும் ஒன்றுவிட்ட சகோதரனிடம் போகின்றன. 2013இல் அரியணைக்கே ஆண் முன்னுரிமையை நீக்கினார்கள், பட்டங்களைத் தொடவில்லை. பாலின அங்கீகாரச் சட்டம் வந்த 2004இலும், பாலின மாற்றம் பட்ட வாரிசுரிமையைப் பாதிக்காது என்று தனிப் பிரிவே எழுதி வைத்தார்கள்.

அலங்காரம்தானே என்பீர்கள். 2016இல் பரம்பரைப் பிரபு ஒருவரை நாடாளுமன்றத்துக்கு அனுப்ப ஒரு இடைத்தேர்தல். வேட்பாளர்கள் 7 பேர், வாக்காளர்கள் 3 பேர். வென்றவர் சட்டம் இயற்றப் போனார்.

மாளிகையை ரசியுங்கள், கட்டடம் அழகுதான். ஆனால் பிறப்பைச் சோதித்து மனிதரை உள்ளே விடும் வாசலுக்கு மரபு என்று பெயர் வைக்காதீர்கள். அந்த வாசலை நமக்கு நன்றாகவே தெரியும்.