மீட்டுப் பார்த்தீர்களா?

பெரிய தரவுத்தளம் ஒன்றைப் பராமரிப்பவரிடம், "நகல் எடுத்து வைக்கிறீர்களா?" என்று கேட்டுப் பாருங்கள். "ஓ, நாள்தோறும்!" என்பார். "அந்த நகலிலிருந்து ஒருமுறையேனும் தரவுகளை மீட்டுப் பார்த்ததுண்டா?" என்று கேளுங்கள். என்னைக் கேட்டால் இதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

2017 சனவரி 31 இரவு நடந்ததைப் பாருங்கள். நிரலாளர்களின் பணிகளை இணையத்தில் சேமித்துத் தரும் நிறுவனம் கிட்லேப். அதன் முதன்மைத் தரவுத்தளத்தில் நிகழும் மாற்றங்கள் உடனுக்குடன் இரண்டாவது கணிப்பொறிக்கும் செல்லும். அதில் கோளாறு. சரிசெய்ய முனைந்த பொறியாளர், இரண்டாவதில் உள்ளதை அழிப்பதாக எண்ணி முதன்மைக் கணிப்பொறியிலேயே கட்டளையைக் கொடுத்துவிட்டார்! ஓரிரு விநாடிகளில் நிறுத்தியும், சுமார் 300 கிகாபைட்டில் எஞ்சியது 4.5 மட்டுமே. இரண்டாவது கணிப்பொறியில் இருந்ததோ முன்பே துடைக்கப்பட்டிருந்தது.

அன்றாட நகல் என்ன ஆயிற்று? நகலெடுக்கும் நிரலின் பதிப்பு தரவுத்தளத்தின் பதிப்போடு பொருந்தாததால் நகல் எடுக்கப்படவே இல்லை. அதைத் தெரிவிக்க வேண்டிய மின்னஞ்சல்களும் போய்ச் சேரவில்லை. வேறொரு சோதனைக்காகப் பொறியாளர் ஒருவர் ஆறு மணி நேரத்துக்கு முன் எடுத்திருந்த படிதான் கைகொடுத்தது. அதன் பிறகு சேர்ந்த பதிவுகள் போனவை போனவைதான்.

உடனுக்குடன் படியெடுக்கும் இரட்டைக் கணிப்பொறி இருந்தால் போதாதா என்பீர்கள். ஒரு கணிப்பொறி பழுதானால் மற்றது உதவும். ஆனால் தவறான கட்டளையையும் அது உடனுக்குடன் படியெடுத்துவிடுமே! 2011 பிப்ரவரியில் மென்பொருள் பிழை ஒன்று சில ஜிமெயில் கணக்குகளின் பல படிகளைப் பாதித்தபோது, இணைப்பில்லாமல் தனியே வைத்திருந்த காந்த நாடாக்களிலிருந்துதான் கூகுள் அஞ்சல்களை மீட்டது.

ஆகவே முழு நகல் ஒன்றைத் தனியே வைத்து, அதன்பின் நிகழும் மாற்றங்களை வரிசையாகக் குறிக்கும் பதிவேட்டையும் சேர்த்து வைப்பதே நல்லது என்பேன். நகலின் மேல் பதிவேட்டை ஓட்டினால், தவறு நேர்ந்ததற்கு முந்தைய கணம் வரை வந்துவிடலாம். ஆனால் அதையும் வேறொரு கணிப்பொறியில் அவ்வப்போது மீட்டுப் பார்க்க வேண்டும். (திருகு அளவியின் சுழிப்பிழையைப் பார்க்காமல் எடுத்த அளவுக்கு நான் மதிப்பெண் போடுவதில்லை, மாணவர்கள் முணுமுணுப்பார்கள்!)

இதற்கு இன்னொரு கணிப்பொறி வேண்டும், ஆள் வேண்டும், செலவாகும் என்பது உண்மைதான். ஆனால் மீட்க எவ்வளவு நேரமாகும் என்பதைக் காகிதத்தில் கணக்கிட முடியாது. கிட்லேப்பில், கிடைத்த அந்த ஒரு படியை முதன்மைக் கணிப்பொறிக்கு மாற்றவே ஏறத்தாழ 18 மணி நேரம் பிடித்தது.