பதினேழு டன் வீணா?



மதுரைப் பக்கத்துப் பள்ளிகளின் அறிவியல் கண்காட்சிகளுக்குப் போகும்போதெல்லாம் ஒரு கேள்வி எழுகிறது. "சார், இப்போது ஏவிய ராக்கெட்டையே திரும்ப இறக்கி மறுபடியும் பயன்படுத்துகிறார்கள். நாம் 35 கிலோ செயற்கைக்கோளுக்காக 17 டன் ராக்கெட்டைக் கடலில் எறிந்தோமே, அது வீண் அல்லவா?"

நல்ல கேள்விதான். கேட்பவர் சொல்வது எஸ்.எல்.வி.-3 ராக்கெட்டை. இராமேசுவரத்துக்காரரான அப்துல் கலாம் திட்ட இயக்குநராக இருந்து உருவாக்கியது. 1980 ஜூலை 18 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ரோகிணியைச் சுற்றுப்பாதையில் ஏற்றியது. ஆயினும் அது வீண் என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஏன் என்று பார்ப்போம்.

முதலில், எறிந்தது 17 டன் அல்ல. அந்த எடையில் ஏறத்தாழ 13 டன் எரிபொருள். அது எரிந்து புகையாகப் பின்னால் போவதால்தான் ராக்கெட் முன்னால் போகிறது. திரும்ப இறங்கும் ராக்கெட்டிலும் எரிபொருள் மிஞ்சி வருவதில்லை. ஆகவே மீதி 4 டன்னைப் பற்றித்தான் பேச்சு.

அதைக் காப்பாற்றியிருக்கலாமே என்பீர்கள். பூமியைச் சுற்ற வேண்டுமானால் விநாடிக்குச் சுமார் 8 கி.மீ. வேகம் வேண்டும். அந்த வேகத்தில் மதுரையிலிருந்து மேலூர் நாலு விநாடிப் பயணம்! திட எரிபொருளின் புகையோ விநாடிக்கு ஏறக்குறைய 2.5 கி.மீ. வேகத்தில்தான் வெளியேறுகிறது. ஒரே கட்டமாக ஒரு ராக்கெட் செய்து, அதன் எடையில் பத்தில் ஒன்பது பங்கை எரிபொருளாகவே நிரப்பினாலும், கிடைக்கும் வேகம் 5.75 கி.மீ. மட்டுமே. காற்றின் தடையையும் புவியீர்ப்பின் இழுப்பையும் இதில் நான் சேர்க்கவே இல்லை.

வழி ஒன்றுதான். எரிந்து தீர்ந்த வெற்றுக்கூட்டைச் சுமந்துகொண்டு போகாமல் கழற்றிவிட வேண்டும். எஸ்.எல்.வி.-3 நான்கு கட்டங்களாகச் செய்யப்பட்டது இதனால்தான். அதாவது, எறிவதுதான் அந்த ராக்கெட் மேலே போவதற்கான வழியே. அதன் உயரம் சுமார் 23 மீட்டர். மீனாட்சியம்மன் கோயில் தெற்குக் கோபுரத்தில் பாதிகூட இல்லை. இவ்வளவு சிறிய ராக்கெட்டின் எடையில் செயற்கைக்கோளின் பங்கு நூற்றில் கால் பங்கு. அதாவது ஆயிரம் கிலோவுக்கு இரண்டரை கிலோகூட இல்லை. கடைசிக் கட்டத்தில் 40 கிலோ பாராசூட் ஒன்றைக் கட்டினால் ரோகிணிக்கு இடமே இருக்காது. முதல் கட்டத்தில் கூடும் எடை அவ்வளவு பாதிக்காது என்பது உண்மை. அதனால்தான் அமெரிக்காவின் பால்கன்-9 முதல் கட்டத்தை மட்டும் திரும்பக் கொண்டுவருகிறது. இரண்டாவதை இன்றும் கைவிடுகிறது. 500 டன்னுக்கு மேற்பட்ட அந்த ராக்கெட், இறங்குவதற்கென்று கொஞ்சம் எரிபொருளைத் தனியே ஒதுக்கிவைக்க முடியும். 17 டன் ராக்கெட்டில் எதை ஒதுக்குவது?

இன்னொன்று. திட எரிபொருளைப் பற்றவைத்தால் பிறகு அணைக்க முடியாது. சிவகாசி ராக்கெட் கொளுத்தியவர்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. அணைத்து, மறுபடி மூட்டி, மெல்ல இறங்குவதெல்லாம் திரவ எரிபொருளின் வேலை. பின் ஏன் நான்கு கட்டங்களிலும் திட எரிபொருள்? குழாய், பம்பு போன்ற தொல்லைகள் குறைவு; முதல் முயற்சிக்கு ஏற்றது. வேடிக்கை என்னவென்றால், 1979 ஆகஸ்டு 10 அன்று நடந்த முதல் ஏவல் தோற்றது திட எரிபொருளால் அல்ல. இரண்டாம் கட்டத்தைத் திசைதிருப்பும் சிறு அமைப்பில் ஒரு வால்வு பழுதாகி, அதிலிருந்த நைட்ரிக் அமிலம் கசிந்துபோயிற்று. ஐந்து நிமிடத்துக்குச் சற்று மேல் பறந்து ராக்கெட் வங்கக் கடலில் விழுந்தது. அன்று விழுந்ததைக்கூட வீண் என்று என்னால் சொல்ல முடியவில்லை. பிழை தெரிந்தது, பதினோரு மாதத்தில் அடுத்தது வென்றது.

1981 மே மாதத்தில் மூன்றாவது. அது செயற்கைக்கோளைத் தாழ்வான பாதையில் விட்டதால், சில நாட்களிலேயே ரோகிணி எரிந்துபோயிற்று. 1983 ஏப்ரலில் நான்காவது வெற்றி. அத்துடன் எஸ்.எல்.வி.-3 ஓய்வு பெற்றது. நான்கு ஆண்டுகளில் நான்கே ஏவல்கள்! வருடத்துக்கு ஒன்று ஏவுகிறவர், திரும்ப இறக்கும் கருவிகளுக்குச் செலவழித்தால் அந்தச் செலவு எப்படித் திரும்பும்? தினமும் நூறு பேர் சாப்பிடும் மெஸ்ஸுக்கு எவர்சில்வர் தட்டு இலாபம். ஆண்டுக்கொரு விருந்துக்கு வாழையிலை போதும்.

ஆனால் இலையைப் போல எல்லாமே போய்விடவில்லை. எஸ்.எல்.வி.-3இன் முதல் கட்டம் சுமார் 9 டன் எரிபொருள் கொண்டது. அதே மோட்டார் 1987இல் ஏ.எஸ்.எல்.வி.யின் இரு பக்கமும் துணையாக நின்றது. பின்னர் 1993இல் பி.எஸ்.எல்.வி.யின் அடியைச் சுற்றி ஆறு மோட்டார்களாக நின்றது. அதையே நீட்டி 12 டன் எரிபொருள் கொள்ளுமாறு செய்ததுதான் 2008இல் சந்திரயான்-1ஐயும், 2013இல் மங்கள்யானையும் தூக்கிவிட உதவியது. கூடு கடலடியில் கிடக்கிறது. செய்யும் முறை கையில் இருக்கிறது.

நம்மவர்களும் இன்று திரும்ப இறங்கும் ராக்கெட்டுக்கு முயல்கிறார்கள். முயலத்தான் வேண்டும், இப்போது ஏவல்களும் கூடிவிட்டன, சுமைகளும் பெருத்துவிட்டன. 1980இல் இருந்த நிலை வேறு. இதை நம்பாதவர்கள் ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். மேலே சொன்ன ஒற்றைக் கட்ட ராக்கெட்டில், எரிபொருளில் பத்தில் ஒரு பங்கை இறங்குவதற்கென்று மிச்சம் வையுங்கள். 5.75 கி.மீ. வேகம் எவ்வளவாகக் குறைகிறது?