ஒப்பித்தது போதும், பிள்ளைகள் பேசட்டும்

ஜொகூரில் எந்தத் தமிழ்ப்பள்ளியின் பரிசளிப்பு விழாவுக்குப் போனாலும் ஒரு நாடகம் இருக்கும். தலைப்பாகை கட்டிய பாரதியார் வருவார், ஒரு பிள்ளை மடைதிறந்தாற்போல் வசனம் பேசும், கைத்தட்டல் விழும். வசனம் ஆசிரியர் எழுதியது. பேசும் நாலு பேரும் ஏற்கெனவே வாயாடிகள். கூச்சப்படும் பிள்ளைக்கு மரம் வேடம், அதுவும் இல்லையென்றால் கீழே நாற்காலி. ஆக, பேச்சு யாருக்கு வரவில்லையோ அவருக்கு அந்த நாடகத்தால் ஒன்றும் கிடைப்பதில்லை. நாடகம் மேடையைவிட்டு இறங்கி, பாலர் பள்ளியிலும் முதல் மூன்று ஆண்டுகளின் மொழிப்பாட வேளையிலும் இடம்பிடிக்க வேண்டும் என்பதே நம் நிலை. பார்வையாளர் வேண்டாம், மனப்பாட வசனம் வேண்டாம், வகுப்பு மொத்தமும் நடிக்கட்டும்.

ஜொகூருக்கு இதில் அவசரம் அதிகம். ஜொகூர் பாரு, மாசாய், ஸ்கூடாய் வட்டாரங்களில் விடியுமுன்பே பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும் பெற்றோர் ஏராளம். இரவு திரும்பும்போது பிள்ளை தூங்கியிருக்கும், அல்லது கைப்பேசிக்குள் இருக்கும். தோட்டத்து லயத்து வாசலில் ஊர்க்கதை கேட்டு வளர்ந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று அடுக்குமாடியில் பேச்சுத்துணை இல்லாமல் வளர்கிறார்கள். பெற்றோரைக் குற்றம் சொல்ல முடியாது, அது வயிற்றுப்பாடு. வீட்டில் குறைகிற பேச்சைப் பள்ளிதான் ஈடுகட்ட வேண்டும்.

ஆனால் வகுப்பில் ஆசிரியர் கேட்கிறார், பிள்ளை ஒரே சொல்லில் விடை சொல்கிறது. கேள்வி கேட்கும் உரிமை ஒரு பக்கத்துக்கு மட்டுமே. மறுத்துப் பேச, பேரம் பேச, சமாதானம் சொல்ல, ஒருவரை மடக்கிக் கேட்க அங்கே வாய்ப்பே இல்லை. நடிப்பு விளையாட்டு இதைத் தலைகீழாக்குகிறது. நாற்காலி இரண்டை நகர்த்தினால் குடிநுழைவுச் சாவடி தயார். ஜொகூர் பிள்ளைகளுக்கு அந்த வரிசையைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. “எங்க போறீங்க? பையில என்ன இருக்கு?” என்று அதிகாரியாக உட்கார்ந்த ஆறு வயதுப் பிள்ளை கேட்கும். ஆசிரியரே கடப்பிதழைத் தொலைத்த பாட்டியாக வந்து, “சார், பேரப்புள்ளைய பாக்கணும் சார், விட்டுருங்க” என்று கெஞ்சினால் என்ன ஆகும்? விடுவதா, மறிப்பதா, ஏன் என்று அந்தப் பிள்ளை பாட்டியிடம் சொல்லியாக வேண்டும். வரிசையில் நிற்பவர்களும் சும்மா இருக்கமாட்டார்கள். எந்தப் பயிற்சிப் புத்தகத்திலும் இந்த உரையாடல் கிடைக்காது. ஆசிரியர் தானும் ஒரு பாத்திரமாகி வகுப்பை நடத்தும் இந்த முறையை இங்கிலாந்தின் டோரதி ஹீத்கோட் பல்லாண்டு வளர்த்தெடுத்தார். அமெரிக்காவில், சிகாகோ பல்கலைக்கழகத்தின் பள்ளியில் பாலர் வகுப்பு நடத்திய விவியன் பேலி இன்னும் எளிய வழி ஒன்று கண்டார். பிள்ளை சொல்லும் கதையைச் சொன்னபடியே ஆசிரியர் எழுதிக்கொள்வார். பிறகு வகுப்பே கூடி அதை நடிக்கும். தன் பேச்சை நாலு பேர் நடிக்கிறார்கள் என்று தெரிந்த பிள்ளை அடுத்த கதையை நீட்டிச் சொல்லாமல் இருக்குமா?

நம்மவர்களும் இதில் பின்தங்கியவர்கள் அல்லர். 1978-இல் யாழ்ப்பாணத்தில் நாடக அரங்கக் கல்லூரியைத் தொடங்கிய குழந்தை ம. சண்முகலிங்கம் ‘கூடி விளையாடு பாப்பா’ போன்ற சிறுவர் நாடகங்களைத் தந்தார். புதுச்சேரியின் வேலு சரவணன் குழந்தைகளோடு குழந்தையாக ஆடியே பெயர் பெற்றவர்.

“நேரம் எங்கே?” என்பதுதான் இங்கே வழக்கமான பதில். ஆறாம் ஆண்டில் யுபிஎஸ்ஆர் தேர்வு இருந்த காலத்தில் அதை ஒப்புக்கொள்ளலாம். தமிழுக்குக் கருத்துணர்தல், கட்டுரை என்று தாள்கள் காத்திருந்தன. அந்தத் தேர்வு 2021-இல் ஒழிந்தது. இப்போதுள்ள வகுப்பறை மதிப்பீட்டில் கேட்டல், பேச்சுத் திறனுக்கும் ஆறு நிலைகளில் அடைவு பதிய வேண்டும். பிள்ளையை எழுப்பி ஒரு பத்தியை ஒப்பிக்கவைத்து நிலை போடுவதைவிட, விளையாட்டின் நடுவே பேசுவதைக் கேட்டுப் போடுவது நேர்மையானது. பாலர் பள்ளிப் பாடத்திட்டம் விளையாட்டின்வழிக் கற்றலை வெளிப்படையாகவே வலியுறுத்துகிறது. முதலாம் ஆண்டுக்குப் போன மறுநாளே அது ஏன் நின்றுபோக வேண்டும்?

வகுப்பு இரைச்சலாகும் என்பதும் உண்மைதான். அந்த இரைச்சலைத் தலைமையாசிரியர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். கடினமான மாற்றம் வேறொன்று. நடிக்கும் பிள்ளை ‘வர்றேன்’ என்றால் ‘வருகிறேன்’ என்று அங்கேயே திருத்தும் கையை ஆசிரியர் அடக்கிக்கொள்ள வேண்டும். பேச்சுத்தமிழை வகுப்புக்குள் ஏற்க வேண்டும் என்று பாலத்துக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூரின் தமிழ்ப் பாடத்திட்ட மறுஆய்வுக் குழு 2005-லேயே பரிந்துரைத்துவிட்டது. நாம் இன்னும் தயங்குகிறோம்.

ஓர் எச்சரிக்கை. நாடகம் மருத்துவம் அல்ல. பெயர் சொல்லி அழைத்தும் திரும்பாத பிள்ளையை, வயதுக்கேற்ற சொல் வராத பிள்ளையை மருத்துவரிடமும் பேச்சுச் சிகிச்சையாளரிடமும் அனுப்புவது பள்ளியின் கடமை. ‘போகப் போகப் பேசிடும்’ என்று ஆறுதல் சொல்வது அந்தப் பிள்ளைக்குச் செய்யும் தீங்கு.

2027-இல் முதலாம் ஆண்டுக்குப் புதிய பாடத்திட்டம் வருவதாகக் கல்வி அமைச்சு அறிவித்திருக்கிறது. அதற்கான ஆசிரியர் பயிற்சியில், பாத்திரமேற்று வகுப்பு நடத்தும் முறையைச் செய்துகாட்டும் பட்டறை ஒன்றை ஜொகூர் மாநிலக் கல்வி இலாகா சேர்க்க வேண்டும். சுற்றறிக்கை மட்டும் அனுப்பி இது நடக்காது. பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. அடுத்த பரிசளிப்பு விழாவில் ஆடை வாடகைக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பகுதியை எடுத்து, பழைய தொப்பி, சேலை, கைப்பை, உடைந்த தொலைபேசி நிரம்பிய ஒரு பெட்டியை முதலாம் ஆண்டு வகுப்பு ஒவ்வொன்றிலும் வைக்கலாம்.