சாகப் போகிற மீனுக்கு எதற்குக் காற்று?

"எப்படியும் சாகப் போற மீனுதானே தம்பி, அதுக்கு எதுக்குப் பம்பு?"

தூண்டில் போடுகிற நம் ஆட்களிடம் இதைக் கேட்காமல் ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் கடத்த முடியாது. பெடாஸிலிருந்து லிங்கி ஆற்றுப் பக்கமோ போர்ட்டிக்சன் கரைக்கோ கிளம்புகிற கார்களின் பின்னால் ஒரு வாளி இருக்கும். வாளியில் முப்பது நாற்பது சின்ன மீன்கள். தோமானுக்கும் ஹருவானுக்கும் இரை. போய்ச் சேரும்போது பாதி மல்லாந்திருக்கும். மல்லாந்ததைப் பொறுக்கிப் புதரில் வீசிவிட்டு மிச்சத்தைக் கொக்கியில் மாட்டுவார்கள். யாருக்கும் உறுத்தாது. உறுத்துகிறவனைப் பார்த்துத்தான் மேலே சொன்ன கேள்வி வரும், கூடவே ஒரு சிரிப்பும்.

இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்கு எதிரானது. இலக்கிய இதழில் வாளி மீனுக்கு என்ன வேலை என்று கேட்கிறவர்களுக்கும் எதிரானது. இரண்டு பேரும் ஒரே ஆள் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

நம் தோட்டக் கதைகளில் மீனுக்குப் பஞ்சமில்லை. ஆனால் பெரும்பாலான கதைகளில் ஒரே மீன்தான். அதற்குப் பெயர் கிடையாது. அப்பா மரம் வெட்டிவிட்டு வருவார், பையன் அரைக்கால் சட்டையோடு ஆற்றோரம் நிற்பான், மீன் துள்ளும், தோட்டம் துண்டாடப்படும், கதை முடியும். அது செலுவாங்கா, பூயுவா, கெளுத்தியா? கொக்கியில் என்ன மாட்டினான்? அதை எதில் போட்டுக் கொண்டுவந்தான்? ஒரு வரி இருக்காது. தப்பித் தவறிப் புழு வந்துவிட்டால் அடுத்த பத்தியிலேயே அது உருவகமாகிவிடும். தொழிலாளிதான் புழு, துரைதான் தூண்டில்காரன். படித்துப் படித்து அலுத்துவிட்டது.

பழைய ஆட்கள் இப்படி இல்லை. அகநானூற்றின் 36-ஆம் பாட்டில் மதுரை நக்கீரர் ஒரு வராலைக் காட்டுகிறார். கொக்கி இரையை விழுங்கிய வரால் ஆம்பல் இலை கிழிய, குவளைப் பூ சிதற எழும்பி, வள்ளைக் கொடியைச் சிக்கலாக்கி, தூண்டில்காரன் இழுத்தும் வராமல், கயிறு கட்டிய முரட்டு மாடு மாதிரி குளத்தைக் கலக்குகிறது. நம்மூர் ஹருவான் அந்த வராலின் இனம்தான். பிடித்துப் பார்த்தவன் எவனும் ஒப்புக்கொள்வான்: கொக்கி பட்டதும் அது முதலில் செடிக்குள்தான் ஓடும். நக்கீரர் பார்த்திருக்கிறார், அல்லது பார்த்தவனிடம் உட்கார்ந்து கேட்டிருக்கிறார். குறுந்தொகை 54-இல் யானை வளைத்து விட்ட மூங்கில், மீன் மாட்டியதும் சட்டென்று தூக்கிய தூண்டில் மாதிரி எழுகிறது. அந்த ஒரு உவமையால் அந்தக் கவிஞருக்கு மீனெறி தூண்டிலார் என்றே பெயர் நின்றுவிட்டது. உவமை எழுதுவதற்கு முன்னால் அவர் கையில் ஒரு தடி வளைந்திருக்க வேண்டும். நாமோ தடியைத் தொடாமல் நேரே உவமைக்குப் போகிறோம்.

சரி, வாளிக்கு வருவோம். நான் உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் இயந்திரவியல் படித்தவன். கணக்குப் போடாமல் எனக்கு ஆறாது.

தண்ணீர் சூடாக ஆக, அதில் கரைந்து நிற்கிற ஆக்சிஜன் குறையும். 0 டிகிரியில் ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 14.6 மில்லிகிராம். 30 டிகிரியில் 7.5 தான். நம்மூர் மத்தியானத்தில் வாளித் தண்ணீர் 30 டிகிரி என்பது சாதாரணம். மூடிய காருக்குள் இன்னும் மோசம். 20 லிட்டர் வாளியில் மொத்தம் 150 மில்லிகிராம் ஆக்சிஜன். ஐந்து கிராம் எடையில் நாற்பது மீன் என்றால் 200 கிராம் மீன். மிரண்டுபோன சின்ன மீன், இந்தச் சூட்டில், கிலோவுக்கு மணிக்கு 400, 500 மில்லிகிராம் இழுக்கும் என்று தோராயமாக வைத்துக்கொள்ளுங்கள். ஆக மணிக்கு 80, 100 மில்லிகிராம். லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்குக் கீழே போனால் மீன் மேலே வந்து வாயைப் பிளக்கும். அதாவது செலவழிக்கக் கையில் இருப்பது 90 மில்லிகிராம். ஒரு மணி நேரம்தான். நடுவில் ரொட்டிச் சானாய் சாப்பிட ஒதுங்கினால் வாளியின் கதை அங்கேயே முடிந்தது.

இப்போது உலகத்தின் இன்னொரு முனையைப் பாருங்கள். அமெரிக்காவின் மின்னசோட்டாவிலும் கனடாவிலும் பின்லாந்திலும் உறைந்த ஏரியில் துளை போட்டு, நாற்காலி போட்டு உட்கார்ந்து மீன் பிடிக்கிறார்கள். மின்னசோட்டாக்காரனும் உயிர் மீனைத்தான் வாளியில் கொண்டுபோகிறான். அவன் வாளித் தண்ணீரில் நம்முடையதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆக்சிஜன். மீனின் உடம்பு ஓட்டம் பத்து டிகிரி குறைந்தால் பாதியாகும் என்பது பொதுக் கணக்கு. ஆகவே அவன் மீனுக்குத் தேவையும் நம் மீனில் ஒரு சிறு பங்குதான். இயற்கை அவனுக்கு எல்லாவற்றையும் கொடுத்திருக்கிறது. அவனுக்கு இருக்கிற கவலை வேறு. கடைத் தொட்டியின் தண்ணீர் ஓரளவு வெதுவெதுப்பு, ஏரித் தண்ணீர் 0-க்கும் 4-க்கும் நடுவில். மீனை அப்படியே துளைக்குள் விட்டால் அதிர்ந்து விறைத்துவிடும். அதனால் ஏரித் தண்ணீரைக் கோப்பை கோப்பையாக வாளியில் கலந்து பழக்குகிறார்கள். வாளியின் மேல் பனிக்கட்டி படியாமல் பார்த்துக்கொள்கிறார்கள். அதற்குப் பிறகும் பேட்டரிப் பம்பு வைத்திருக்கிறார்கள். பாதி ஆக்சிஜனும் பல மடங்கு பசியுமாக வாளியைத் தூக்கிக்கொண்டு போகிற நாம், பம்பு வைத்தவனைப் பார்த்துச் சிரிக்கிறோம்.

இதில் இன்னொரு கூத்து. சூடுதானே பிரச்சினை என்று பெட்ரோல் கியோஸ்க்கில் ஐஸ் பொட்டலம் வாங்கி வாளிக்குள் கொட்டுகிற புத்திசாலிகள் இருக்கிறார்கள். சில நிமிடத்தில் 30-லிருந்து 20-க்கு இறக்கினால் செலுவாங் தாங்காது. குழாய்த் தண்ணீரில் உறைய வைத்த ஐஸாக இருந்தால் அதில் மிச்சமிருக்கும் குளோரினும் சேர்ந்து இறங்கும். செய்ய வேண்டியது சின்ன வேலை. மினரல் பாட்டில் ஒன்றை வீட்டில் உறைய வைத்து, மூடியைத் திறக்காமல் வாளியில் மிதக்க விடுங்கள். மெல்ல மெல்ல நாலைந்து டிகிரி இறங்கும். அது போதும்.

ஆழமான வாளியைவிட அகலமான தொட்டி நல்லது, காற்று படுகிற பரப்பு அதிகம். முதல் நாள் தீனி போடாதீர்கள், வயிறு காலியாக இருந்தால் கழிவு குறையும். ஈரக் கையால் தொடுங்கள். இதெல்லாம் ஒரு மூச்சில் சொல்லி முடிக்கிற விஷயம்.

பூயு அப்படியில்லை. தமிழ்நாட்டில் பனையேறிக் கெண்டை என்பார்களே, அதே மீன். செவுளுக்கு மேலே அதற்கு இன்னொரு மூச்சு உறுப்பு உண்டு. மேலே வந்து நேரடியாகக் காற்றைக் குடிக்கும். செலுவாங் துடித்துச் சாகிற தண்ணீரில் பூயு மணிக்கணக்கில் கிடக்கும். இதை நம்பி ஆட்கள் செய்கிற அநியாயம் என்னவென்றால், வாளியை விளிம்புவரை நிரப்பி, சிந்தக் கூடாதென்று மூடியை இறுக்கிவிடுவது. மேலே வந்து காற்றைக் குடிக்க இடமில்லை. தண்ணீருக்குள்ளேயே மீன் மூச்சு முட்டிச் சாகிறது. ஹருவானுக்கும் இதே கதிதான். "பூயு சாகாத மீனு, இதுவே செத்துப் போச்சு பாரு, தண்ணி சரியில்ல" என்று ஆற்றைத் திட்டுவார்கள்.

எங்கள் தோட்டத்தில் பால்மரம் வெட்டி ஓய்ந்த தாத்தா ஒருவர் இருந்தார். பானையில் பாதித் தண்ணீர், மேலே ஒரு வாழையிலை. தூரம் போவதென்றால் ஈரச் சாக்கில் பூயுவைச் சுருட்டி, வழியில் வாய்க்காலைக் கண்டால் சாக்கை நனைத்துக்கொள்வார். அவர் எந்த உயிரியல் புத்தகத்தையும் திறந்ததில்லை. "அதுக்கு மூச்சு விட எடம் வேணும்யா" என்பார், அவ்வளவுதான். தோட்டத்து நினைவுகளைப் பக்கம் பக்கமாக எழுதுகிற நாம், இந்த ஈரச் சாக்கை எழுதவில்லை. லயத்து வாசல், மாரியம்மன் திருவிழா, கங்காணியின் குடை எல்லாம் வந்துவிட்டது. கையில் இருந்த அறிவு வரவில்லை.

தோட்டத்துக்கே உரிய ஒரு விஷத்தையும் சொல்ல வேண்டும். பால் உறையாமல் இருக்க அம்மோனியா ஊற்றுவது தோட்டத்தில் வளர்ந்த எல்லோருக்கும் தெரியும். மூக்கைத் துளைக்கிற அந்த நெடி மறக்காது. அம்மோனியா வந்த டிரம்மையும் பழைய பால் வாளியையும் கழுவி மீன் தொட்டியாக்குகிற வழக்கம் இன்னும் இருக்கிறது. மீன் தானே செவுள் வழியாக அம்மோனியாவைத்தான் கழிவாக விடுகிறது. நெருக்கமான வாளியில் அது ஏற்கெனவே ஏறிக்கொண்டிருக்கும். அதோடு பாத்திரத்தில் ஒட்டியிருப்பதும் சேரும். கரைந்த அம்மோனியாவில் கடும் விஷமான பங்கு, தண்ணீரின் பிஎச் 7 ஆக இருக்கும்போது இந்தச் சூட்டில் நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. பிஎச் 8 ஆனால் நூற்றில் ஏழு அளவுக்குப் போய்விடும். அம்மோனியாவே பிஎச்சை ஏற்றுகிற பொருள். அந்த டிரம்மைச் செடி வைக்கப் பயன்படுத்துங்கள்.

எனக்குத் தெரியும், இந்த இடத்தில் சில வாசகர்களுக்குக் கை அரிக்கும். நெருக்கியடித்த வாளி, மூச்சுமுட்டல், "எப்படியும் சாகப் போறவங்கதானே" என்ற அலட்சியம். உடனே சயாம் மரண ரயில் நினைவுக்கு வரும், கப்பல் வரும், ஒரு கவிதை வரும். தயவுசெய்து வேண்டாம். அந்த மனிதர்களுக்கு அவர்கள் கதையை அவர்கள் பெயரிலேயே எழுதுங்கள். மீனை மீனாக விடுங்கள்.

அடுத்த எதிர்ப்பு மறுபக்கத்திலிருந்து வரும். உயிர் மீனைக் கொக்கியில் மாட்டுவதே கொடூரம், அதற்கு முன்னால் காற்று ஊட்டுவது போலித்தனம் இல்லையா? கேள்வி நியாயமானது. 2003-இல் லின் ஸ்னெடன் குழுவினர் டிரவுட் மீனின் உதட்டில் அமிலத்தையும் தேனீ விஷத்தையும் செலுத்திப் பார்த்தார்கள். மீன்கள் நெடுநேரம் தீனி எடுக்கவில்லை. அமிலம் பட்டவை உதட்டைக் கூழாங்கல்லில் தேய்த்தன. மீனுக்கு வலியே இல்லை என்று இனி யாரும் சுலபமாகச் சொல்லிவிட முடியாது. நார்வேயிலும் ஸ்காட்லாந்திலும் உயிர் மீனை இரையாக மாட்டுவதற்குத் தடை இருக்கிறது. இங்கேயும் ஒருநாள் வந்தால் நான் எதிர்க்கப் போவதில்லை, ரப்பர்த் தவளைக்கு மாறிக்கொள்வேன். ஆனால் இன்று பெடாஸில் நடப்பது என்ன? கொக்கியில் சாகிற மீன் பத்து என்றால் வாளியில் வீணாகச் சாகிற மீன் இருபது. அந்த இருபதுக்குத் தூண்டில்காரனின் ஆசைகூடக் காரணமில்லை, வெறும் சோம்பேறித்தனம். முதல் பத்தைப் பற்றி வாதம் நடக்கட்டும். அந்த வாதம் முடிகிறவரை இருபது காத்திருக்க வேண்டுமா?

இன்னொன்று, இரை மீன் இப்போது சும்மா கிடைப்பதில்லை. ரப்பர் போய்ச் செம்பனை வந்த பிறகு வாய்க்கால்களின் நிலைமை கண்கூடு. செம்பனை ஆலையின் பச்சைக் கழிவில் உயிர்வளித் தேவை லிட்டருக்கு 25,000 மில்லிகிராம் அளவில் இருக்கும். 1977-இல் வந்த சட்ட விதிகளின்படி அதைப் படிப்படியாக 100-க்குக் கொண்டுவந்த பிறகே ஆற்றில் விடலாம். அந்தச் சட்டம் வந்ததே ஆறுகள் மூச்சுத் திணறியதால்தான். சின்ன ஓடையில் களைக்கொல்லியும் உரமும் சேரும்போது முதலில் காணாமல் போவது செலுவாங் மாதிரிச் சின்ன மீன்கள்தான். மிச்சமிருக்கிற ஓடையில் வலை போட்டு அள்ளி, பாதியை வழியில் சாகடித்தால், அடுத்த வாரம் இரண்டு மடங்கு அள்ள வேண்டும். கணக்கு இவ்வளவுதான்.

கடைசியாகப் புண்ணியவான்கள். நாள் முழுக்க மீன் பிடித்துவிட்டு, சாயங்காலம் வாளியில் மிஞ்சியதை "பொழைச்சுப் போகட்டும்" என்று ஆற்றில் கொட்டுகிறவர்கள். இரையாக வாங்கியது பெரும்பாலும் திலாப்பியாக் குஞ்சு. இந்த மண்ணின் மீனே இல்லை. இப்படி மனிதக் கையால் வந்ததுதான் ஈயக் குட்டைகளில் இருக்கிற பீக்காக் பாஸும், ஆற்றுக் கரைகளைத் துளைக்கிற இக்கான் பண்டாராயாவும். மீனோடு நோயும் போகும். வட அமெரிக்காவின் பெரும் ஏரிகளில் 2005-இல் விஎச்எஸ் என்ற மீன் வைரஸ் கண்டுபிடிக்கப்பட்டது. அதற்குப் பிறகுதான் உயிர் இரையையும் வாளித் தண்ணீரையும் ஓர் ஏரியிலிருந்து இன்னோர் ஏரிக்குக் கொண்டுபோவதற்கு அங்கே கடுமையான விதிகள் வந்தன. நமக்கும் அந்த ஆபத்து தூரத்தில் இல்லை. திலாப்பியாவைக் கூட்டம் கூட்டமாகக் கொல்லும் ஏரி வைரஸ் மலேசியாவில் 2017-இல் பதிவாகியிருக்கிறது. தோட்ட வேலை போன பிறகு வீட்டுக்குப் பின்னால் நாலு தொட்டி கட்டித் திலாப்பியா வளர்த்துப் பிழைக்கிற குடும்பங்கள் நம்மில் உண்டு. உங்கள் வாளிப் புண்ணியம் அவர்கள் தொட்டிக்குத் தண்ணீர் எடுக்கிற ஆற்றில்தான் விழுகிறது. மிஞ்சிய மீனை வீட்டுக்கு எடுத்துப் போங்கள். பூனைக்குப் போடுங்கள், அடுத்த வாரத்துக்கு வளருங்கள். ஆற்றில் மட்டும் விடாதீர்கள்.

அலங்கார மீன் கடைக்குப் போய் 2 வெள்ளிக்கு ஒரு மீன் வாங்கிப் பாருங்கள். பையில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மிச்சத்துக்கு ஆக்சிஜன் அடித்து, ரப்பர் பேண்டு இறுக்கித் தருவார்கள். இரை மீன் கடையில் முப்பது மீனை வெறும் பையில் அள்ளிப் போட்டு முடிச்சுப் போடுகிறார்கள். ஆக்சிஜன் உருளை இல்லாமலும் இல்லை. நான் போகிற கடையில் மூலையில் நிற்கிறது, பெரிய ஆர்டருக்கு மட்டும் திறக்கிறார்கள். "அண்ணே, இதுக்கும் அடிச்சுக் குடுங்க" என்று கேட்டால் முப்பது காசு கூட ஆகும் என்றார். கொடுத்தேன். எனக்குப் பின்னால் நின்றவர், என் அப்பா வயசிருக்கும், கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தன் பையையும் நீட்டினார்.